நிறம் பிரித்து வைத்த பேட்டரிக் கட்டைகள்

திருப்பூரில் லைன் வீட்டுக்குக் குடிவந்த மறுநாள் காலையில்தான் அந்தச் சட்டைக் கைகளைப் பார்த்தேன். வரிசையாக இருந்த எல்லா வாசல்களிலும் நிலைக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. ஒவ்வோர் ஆணியிலும் டீ ஷர்ட்டிலிருந்து வெட்டியெடுத்த ஒரு கை தொங்கியது. ஒரு முனையைத் தைத்து மூடியிருந்தார்கள். மறுமுனை பை போலத் திறந்திருந்தது. சிலவற்றில் ஏதோ கனமாக இருந்து துணியைக் கீழே இழுத்தது. தெற்கே நம் பக்கத்தில் குலசாமிக்கு நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பார்கள். பனியன் தைக்கிற ஊரில் பனியன் துணியில் முடிகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் வாசலிலும் ஒரு காலிக் கை தொங்கியது. குளித்துவிட்டு வந்து ஒரு நாணயத்தைக் கண்ணில் ஒற்றி அதில் போட்டேன். அதன்பிறகு வெள்ளிக்கிழமை தோறும் போட்டு வந்தேன்.

லைன் வீட்டின் சொந்தக்காரர் சுலோச்சனா. பக்கத்துத் தெருவில் சிறிய தையல் யூனிட் வைத்திருக்கிறார். ஒருநாள் அவரே கூடையோடு வந்து ஒவ்வொரு கையையும் கவிழ்த்துக் கொட்டினார். மற்ற கைகளிலிருந்து தீர்ந்துபோன பேட்டரிக் கட்டைகள் விழுந்தன. என்னுடையதிலிருந்து சில்லறை விழுந்தது.

"ஏனுங்ணா, இதுல காசு போட்டிருக்கறீங்க?"

சாமிக்கு என்றேன். அவர் சிரிக்கவில்லை. நாணயங்களைப் பொறுக்கி என் கையில் கொடுத்தார். "சாமிக்குன்னா கோயில்ல போட்டுக்குங்க. இதுல செத்துப்போன செல்லு மட்டும் போடோணுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போனார். அவர் சிரிக்காததற்கும் சேர்த்து என் அடுத்த அறைக்காரர் மரகதம் சிரித்தார். அன்றிலிருந்து வெகுகாலம் எனக்கு உண்டியல்காரர் என்றுதான் பெயர்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கும், என்னைப் போல இங்கே வந்து சேர்ந்தவர்களுக்கும் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பம்பாயில் ஓட்டல் பாத்திரம் கழுவினேன். சூரத்தில் தறி ஓட்டினேன். இடது கையில் ஒரு விரல் நுனி அங்கேயே தங்கிவிட்டது. வளைகுடாவில் இரண்டு கான்ட்ராக்ட் முடித்தேன். ஓரிடத்தில் நிலையாக இருக்கும் குணம் எனக்குக் கிடையாது. சுற்றிவிட்டுக் கடைசியில் இங்கே வந்து குட்டி யானை வண்டி ஓட்டுகிறேன். கம்பெனிகளில் துணி வெட்டியதுபோக மிஞ்சும் துண்டுகளை, இங்கே கட்டிங் வேஸ்ட் என்பார்கள், மூட்டையாக ஏற்றிக் குடோன்களில் இறக்குவது என் வேலை.

நம் ஊரில் பேட்டரிக் கட்டை தீர்ந்தால் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் வெயிலில் காயவைப்போம். பிறகு பல்லால் கடித்து நசுக்கிப் பார்ப்போம். அதற்கும் டார்ச் எரியாவிட்டால் கல்லால் உடைத்து நடுவிலிருக்கும் கரிக்குச்சியை எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கூடச் சுவரில் நான் எழுதிய எழுத்தெல்லாம் அந்தக் குச்சியால் எழுதியதுதான். கறுப்புத் தூள் அப்பிய கையை ஊருணியில் கழுவினோம். அதே ஊருணியில்தான் குடிக்கவும் தண்ணீர் எடுத்தார்கள். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

வளைகுடாவில் பெரிய கடைகளின் வாசலில் இதற்கென்றே கண்ணாடிப் பெட்டி வைத்திருப்பார்கள். வெள்ளைக்காரர்கள் கட்டைகளை மெதுவாக உள்ளே விட்டுவிட்டுப் போவார்கள். வெயிலில் சுருண்டு விழுந்த ஆளை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு மறுநாள் அவன் கட்டிலில் வேறு ஆளைப் படுக்கவைக்கிற ஊரில் பேட்டரிக்கு மட்டும் இத்தனை மரியாதை. அது பணக்கார நாட்டு வழக்கம் என்று விட்டுவிட்டேன். அதே வழக்கத்தை ஒரு லைன் வீட்டு வாசலில், சட்டைக் கையில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

இந்த ஊரைப் பற்றி நம் பக்கத்தில் பல கதைகள் சொல்வார்கள். காசு காசு என்று அலைகிற ஊர், உறங்காத ஊர் என்பார்கள். எனக்கு வேறொன்று தெரிகிறது. இங்கே கழிவு என்று எதையும் சொல்லமாட்டார்கள். கைக்குட்டை அளவுத் துண்டுக்கும் போகிற இடம் ஒன்று இருக்கும். வெள்ளை ஒரு பக்கம் போகும், கறுப்பு ஒரு பக்கம் போகும், பல நிறம் கலந்தது மில்லுக்குப் போய்த் திரும்ப நூலாகும். குடோனில் பெண்கள் சம்மணமிட்டு உட்கார்ந்து இதைப் பிரிப்பதைப் பார்க்க வேண்டும். மரகதம் அந்த வேலைதான் செய்கிறார். இந்த ஜில்லாவிலேயே கொமரலிங்கம் என்ற ஊர்க்காரர். கிளிப்பச்சையையும் இலைப்பச்சையையும் பேச்சை நிறுத்தாமலே பிரித்து வீசுவார். பேச்சில் பாதி என்னைப் பற்றித்தான் இருக்கும். "தெக்கத்தியாளுக எப்பிடி இருக்கறீங்கன்னு கேட்டாக்கூட அடிக்க வர்றாப்லயே இருக்குது" என்பார்.

சேர்ந்த கட்டைகளை அந்தக் குடோனின் ஒரு மூலையில் வைத்திருந்தார்கள். குடோன் உரிமையாளர் பழனிச்சாமி இடத்தைச் சும்மாதான் விட்டிருந்தார். பழைய பேட்டரிகளை வாங்கித் துத்தநாகத்தையும் இரும்பையும் பிரித்தெடுக்கிற ஒரு நிறுவனத்தோடு சுலோச்சனா போனில் பேசியிருந்தார். ஓரளவு சேர்ந்தால் வண்டி அனுப்புகிறோம், பிரித்து வையுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். எப்படிப் பிரிக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை. திருப்பூரில் பிரிப்பது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

மாதக்கணக்கில் சேர்ந்தது. சுவர்க் கடிகாரம், டிவி ரிமோட், பிள்ளைகளின் பொம்மை, டார்ச், தராசு என்று எதெதிலிருந்தோ வந்தது. எங்கள் லைனிலிருந்தும் பக்கத்து லைன்களிலிருந்தும் வந்தது. ஒரிசாப் பையன்கள் தங்கியிருந்த அறைகளிலிருந்தும் வந்தது. சுலோச்சனாவின் யூனிட்டில் செக்கிங் பார்க்கும் பீகார்ப் பெண் ரிங்கி தன் தெரு முழுவதும் சட்டைக் கைகளைக் கொண்டுபோய் மாட்டியிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை மதியம் அந்த நிறுவனத்தின் வண்டி வந்தது. ஜெரால்டு என்ற இளைஞர் இறங்கினார். மரகதம் அவரை மூலைக்கு அழைத்துப்போய் மூட்டைகளைக் காட்டினார். மூட்டை என்றால் கோணி மூட்டை இல்லை. நீளக் குழாயாக வரும் பனியன் துணியில் போட்டு, முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டிருந்தார்கள். சிவப்புத் துணியில் சிவப்புக் கட்டைகள். நீலத் துணியில் நீலக் கட்டைகள். பச்சைக்குப் பச்சை. கறுப்பில் தங்க நிறம் கலந்ததற்குத் தனித் துணி. மூலையே கோயில் திருவிழாக் கடை மாதிரி இருந்தது.

ஜெரால்டு ஒரு முடிச்சை அவிழ்த்தார். கையை விட்டுச் சிலவற்றை எடுத்துப் பார்த்தார். இன்னொன்றை அவிழ்த்தார். பிறகு சுற்றிலும் அடுக்கியிருந்த பஞ்சுத்துணி மூட்டைகளைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. நிறத்தைப் பார்த்துப் பிரித்திருக்கிறீர்கள், உள்ளே இருக்கிற சரக்கைப் பார்த்துப் பிரிக்க வேண்டும் என்றார். சாதாரணக் கட்டை, ஆல்கலைன், லித்தியம், சார்ஜ் ஏற்றுகிறது, பொத்தான் மாதிரி இருப்பது எல்லாம் வேறு வேறு. இப்படிக் கலந்து எடுத்துப்போனால் ஆலையில் இறக்க மாட்டார்கள். அதைவிட மோசம் இன்னொன்று. சதுரக் கட்டைகளில் இரண்டு முனையும் ஒரே பக்கம் இருக்கிறது. அவை ஒன்றோடொன்று உரசினால் சூடேறும். பொறி பறந்தால் இந்தக் குடோனில் என்ன மிஞ்சும் என்று கேட்டார்.

பழனிச்சாமி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். எல்லோருக்கும் டீ வரவழைத்தார். குடித்து முடித்ததும் சுலோச்சனாவிடம், "பரவால்லீங்க, அதையத் திங்கக்கெழம காத்தால பாத்துக்கலாங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அறைக்குள் போனார்.

எனக்கு நிம்மதியாகிவிட்டது. நல்ல மனுஷன், அவகாசம் கொடுத்துவிட்டார் என்று சுலோச்சனாவிடம் சொன்னேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"திங்கக்கெழம காத்தால குப்ப டிராக்டர் வருமுங்ணா. அதுல ஏத்தி உட்ருவேன்னு சொல்லீட்டுப் போறாரு."

இத்தனை ஊர் சுற்றியும் எனக்கு இது பிடிபடவில்லை. நம் ஊரில் ஒருவன் மறுக்கிறான் என்றால் தெருவுக்கே கேட்கும். இங்கே டீ வாங்கிக் கொடுத்து மறுக்கிறார்கள். நான் உள்ளே போய் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். சுலோச்சனா தடுத்துவிட்டார். அவர்மேல் தப்பு இல்லை, ஒரு பொறி விழுந்தால் அவருடைய வாழ்க்கையே போய்விடும், இத்தனை நாள் இடம் விட்டதே பெரிது என்றார். அதன்பிறகு அவர் சொன்னதைத்தான் நான் மறக்கவில்லை. குப்பை டிராக்டர் போய்க் கொட்டுகிற இடம் ஊருக்கு வெளியே கல் எடுத்துவிட்டுக் கைவிட்ட பள்ளம். பாறைக்குழி என்பார்கள். அந்தக் குழிக்கு அடுத்த வேலிதான் சுலோச்சனாவின் தோட்டம்.

"எங்க கெணத்துக்கும் அந்தக் குழிக்கும் நடுவால ஒரு வேலிதானுங்ணா. நான் பொறந்த ஊட்டுல ஆறே கண்ணு முன்னால சாயப்பட்டறத் தண்ணியாப் போச்சு. ஆரையுங் கேக்க முடியல. இந்தக் கெணத்துத் தண்ணியத்தான் மாட்டுக்கும் மனுஷனுக்கும் குடிக்கறோம். ஊரூராப் பொறுக்கி, கடசில நானே கொண்டுபோயி எங்கெணத்துக்குப் பக்கத்துல கொட்டுனாப்ல ஆயிருமுங்க."

அதுவரை அவர் எதற்காக இந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டு அலைகிறார் என்று நான் கேட்டதே இல்லை. ஏதோ புண்ணியத்துக்குச் செய்கிறார் என்று நினைத்திருந்தேன்.

ஜெரால்டு மறுநாள் மதியம் வரை ஊத்துக்குளியில் இருப்பார். அங்கே வேறு ஓரிடத்தில் சரக்கு எடுக்க வேண்டியிருந்தது. அதற்குள் ஒழுங்காகப் பிரித்துக் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் அடுத்து இந்தப் பக்கம் எப்போது வருவேன் என்று சொல்ல முடியாது என்றார். நான் மரகதத்தைப் பார்த்தேன். மாதக்கணக்கில் பிரித்தது வீண் என்று ஒருவன் வந்து சொல்கிறான். நம் ஊராக இருந்தால் முதலில் நீ ஏன் அப்போதே சொல்லவில்லை என்று அவன் சட்டையைப் பிடித்திருப்போம். பிறகு நீதான் செய்தாய், அவள்தான் செய்தாள் என்று எங்களுக்குள் ஒரு சண்டை நடந்திருக்கும். மரகதம் முந்தானையை இடுப்பில் செருகினார்.

"சரக்கு வாங்கற பையரு ரிஜெக்ட் பண்ணீட்டான்னா மூலைல உக்காந்து அழுவாங்களா? ரீசெக்கிங் போடோணும். தம்பி, நீங்க ஒரு சாம்பிள் குடுத்துட்டுப் போங்க."

ஜெரால்டுக்குப் புரியவில்லை. எதற்குச் சாம்பிள் என்றார்.

"சாம்பிள் இல்லாம எந்தக் கம்பெனில ஆர்டர் எடுப்பாங்க? வகைக்கு ஒண்ணு அட்டைல ஒட்டி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நாளைக்கு நீங்களே வந்து இது வேற அது வேறன்னு சொல்லக் கூடாது பாருங்க."

ஒரு பெட்டியின் அட்டையைக் கிழித்து அதில் வகைக்கு ஒரு கட்டையை டேப்பால் ஒட்டி, பெயர் எழுதி, ஓரத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார் அவர். வாழ்க்கையில் பேட்டரிக்குக் கையெழுத்துப் போட்டது இதுதான் முதல் தடவை என்றார். மரகதம் அட்டையை இரு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அன்று மாலையே எல்லாவற்றையும் என் வண்டியில் ஏற்றிச் சுலோச்சனாவின் வீட்டு முன்னாலிருந்த சிமெண்டுத் தரையில் இறக்கினேன். பஞ்சு இல்லாத திறந்த இடம். சுலோச்சனா சதுரக் கட்டைகளை மட்டும் தேடியெடுத்து ஒவ்வொன்றின் முனையிலும் டேப் ஒட்டித் தனியாக வைத்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் என்னவென்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். வாரம் முழுவதும் போட்ட துணியைத் துவைப்பது, சந்தைக்குப் போவது, கறி எடுப்பது, ஊருக்குப் போனில் பேசுவது, உறங்குவது எல்லாவற்றுக்கும் இருப்பது அந்த ஒரு நாள்தான். யார் வரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். குடோன் பெண்கள் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். யூனிட்டிலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். ரிங்கி தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு அப்படியே வந்திருந்தாள். அட்டையைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தார்கள்.

நிறம் பிரித்தது முழுக்க வீணாகவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு நிறம் என்றால் பெரும்பாலும் ஒரே கம்பெனி, ஒரே வகை. சிவப்பு மூட்டைகளை மேலோட்டமாகப் பார்த்தாலே போதுமாக இருந்தது. கறுப்பும் தங்கமும் கலந்ததுதான் எல்லோரையும் படுத்தியது. எழுத்து அழிந்துபோன கட்டைகளைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, தெரியவில்லை என்றால் டவுட் பீஸ் என்று ஒரு தனிக் கூடையில் போட்டார்கள். துணியில் சந்தேகமான பீஸை ஒதுக்கிவைக்கிற அதே பழக்கம். பொத்தான் கட்டைகளை டேப்பில் பூத் தொடுப்பது போல வரிசையாக ஒட்டி, மேலே இன்னொரு டேப் போட்டு மூடினாள் ரிங்கி. எனக்குக் கொடுத்த வேலை டேப் கிழித்துக் கொடுப்பது. நுனியில்லாத விரலால் டேப்பின் முனையைக் கண்டுபிடிப்பது கஷ்டம். மரகதம் அதைப் பார்த்துவிட்டு ரோலை வாங்கி, முனையை மடித்துத் திரும்பக் கொடுத்தார். அன்று அவர் என்னைக் கேலி செய்யாத ஒரே தருணம் அதுதான்.

வெயில் தலைக்கு நேரே வருவதற்குள் முடிந்துவிட்டது. சுலோச்சனாவும் மரகதமும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்கள். ஊத்துக்குளி போகிற வழி முழுவதும் சுலோச்சனா ஒவ்வொரு வேகத்தடையிலும் திரும்பிப் பின்பக்கம் பார்த்தார். ரயில்வே கேட் மூடியிருந்தது. நீளமான வடநாட்டு ரயில் ஒன்று போய்க்கொண்டே இருந்தது. அது முடியும்வரை அவர் கதவின் கைப்பிடியை விடவில்லை.

ஜெரால்டு புறப்படுவதற்காக வண்டியின் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மறுபடி திறந்தார். கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு கூடையிலும் அடிவரை கையைவிட்டுக் கிளறினார். ஆல்கலைன் கூடையிலிருந்து ஒன்றை எடுத்து இது சாதாரணக் கட்டை என்று காட்டினார். சுலோச்சனாவின் முகம் வெளுத்துவிட்டது. மரகதம் அசையவில்லை.

"ஏனுங் தம்பி, வெளிநாட்டுப் பையரே நூத்துக்கு ஒண்ணு ரெண்டு டேமேஜ் போனாக் கண்டுக்க மாட்டான். நீங்க அவனுக்கும் மேலயா?"

ஜெரால்டு சிரித்துவிட்டார். அந்த ஒன்றைச் சரியான கூடையில் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் தன் வண்டியில் ஏற்றச் சொன்னார். டவுட் பீஸ் கூடையைக்கூட எடுத்துக்கொண்டார், ஆலையில் பார்த்துப் பிரித்துக்கொள்கிறோம் என்றார். இனி இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் திருப்பூருக்கும் வருவதாகச் சொன்னார். அந்தச் சாம்பிள் அட்டையைத் தனக்குத் தரமுடியுமா, மற்ற ஊர்களில் காட்டலாம் என்று கேட்டார். வேண்டுமானால் இன்னொன்று செய்துகொள்ளுங்கள், இது எங்கள் அப்ரூவல் என்று மரகதம் மறுத்துவிட்டார். டீ வாங்கிக் கொடுக்காமலே மறுத்தார்.

திரும்பும்போது சுலோச்சனா வண்டியைத் தோட்டத்துப் பக்கம் விடச் சொன்னார். பாறைக்குழியைத் தாண்டித்தான் போக வேண்டும். ஓரிடத்தில் புகைந்துகொண்டிருந்தது. அதை எங்கள் மூவராலும் ஒன்றும் செய்ய முடியாது. வேலிக்கு அந்தப் பக்கம் சோளத்தட்டு நின்றது, இரண்டு எருமைகள் நின்றன, கிணறு இருந்தது. சுலோச்சனா மோட்டாரைப் போட்டுவிட்டுக் குழாயடியில் நின்றார். தண்ணீர் வந்ததும் முதலில் கையில் பிடித்து மோந்து பார்த்தார். தினமும் அப்படிப் பார்ப்பார் போலிருக்கிறது. பிறகு சொம்பில் பிடித்து மரகதத்துக்குக் கொடுத்தார். அடுத்து எனக்குக் கொடுத்தார்.

இந்த ஊருக்கு வந்ததிலிருந்து கேன் தண்ணீர்தான் குடித்துக்கொண்டிருந்தேன். இந்த மண்ணிலிருந்து வந்த தண்ணீரை நான் குடித்தது அன்றுதான். கொஞ்சம் உப்பு, கொஞ்சம் கல் வாடை, நல்ல குளிர்ச்சி. எப்படி இருக்கிறது என்று சுலோச்சனா கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். பொய் இல்லை. வண்டியில் கிடந்த பாட்டிலில் நிறைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது அந்த பாட்டிலும் என் பையோடு வந்துவிட்டது. என் தங்கை தாகத்துக்கு எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு முற்றத்தில் துப்பினாள்.

"இதையா குடிக்கீய? உப்பாக் கரிக்கி. இந்தத் தண்ணியக் குடிச்சுக்கிட்டா அந்த ஊர்ல கெடக்கீய?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தத் தண்ணீர் எப்படித் தப்பித்தது என்று உனக்கு என்ன தெரியும் என்று கத்திவிட்டேன். தண்ணியச் சொன்னா இவுகளுக்கு ஏன் பொத்துக்கிட்டு வருது என்று அவள் முனகிக்கொண்டே அடுப்படிக்குள் போனாள். திரும்பி வரும்போது சமாதானத்துக்காக அவளே ஒரு பாட்டிலில் நம் ஊருணித் தண்ணீரை நிறைத்துக் கொடுத்தாள். கரைகட்டி, மாடு இறங்காமல் காவல் போட்டு, இப்போது நன்றாக வைத்திருக்கிறார்கள்.

அதை லைன் வீட்டில் மரகதத்திடம் கொடுத்தேன். அண்ணாந்து ஒரு மடக்குக் குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"உப்பே இல்லாமச் சப்புன்னு இருக்குதுங்ணா. மண்ணு வாசம் வேற. இதையத்தான் அமுதம் அமுதம்னு சொல்லீட்டிருந்தீங்களா?"

பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

இப்போது வண்டியில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இரண்டு பாட்டில்கள் கிடக்கின்றன. ஒன்றில் சுலோச்சனா தோட்டத்துத் தண்ணீர் இருக்கும். மற்றொன்றில் ஊரிலிருந்து யாராவது வந்தால் தங்கை கொடுத்தனுப்புவது இருக்கும். தாகம் எடுத்தால் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கைக்கு எது வருகிறதோ அதைக் குடிக்கிறேன். பக்கத்து சீட்டில் யாராவது ஏறினால் மட்டும் இரண்டையும் என் இருக்கைக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். எதை எடுத்துக் குடித்து எதைக் குறை சொன்னாலும் எனக்குக் கோபம் வந்துவிடும்.